பரண்மேல் பத்திரங்கள்

2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூர் வீடுகளில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பட்டா, பிள்ளைகளின் மார்க் ஷீட், கல்யாணப் போட்டோ எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிடுவார்கள். ஐப்பசி பிறந்தால் கவர் இன்னும் ஒரு முழம் உள்ளே போகும். அப்படியொரு கவரை முதுநகரில் ஒரு வீட்டில் எனக்குப் பிரித்துக் காட்டினார்கள். அடியில் தனியாக இன்னொரு கவர் இருந்தது. அதை மட்டும் அந்த அம்மா எடுக்கவில்லை. "அது வேற தம்பி, விடுங்க" என்றார்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் இந்தக் கட்டுரைக்காக நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் அந்த 'வேற' கவர் இருந்தது. ஓய்வுக்காலத்துக்கென்று போட்டு, திரும்பி வராத பணத்தின் ரசீதுகள். தொலைத்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மருமகள் காதில் விழுந்துவிடும், சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். "இத்தனை வருஷம் உத்தியோகம் பார்த்தவருக்கு இதுகூடத் தெரியலையா" என்று ஒருவர் கேட்டுவிட்டால் தாங்க முடியாது என்ற கூச்சம். ஏமாற்றுகிறவர்களுக்கு இந்தக் கூச்சத்தைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு இல்லை. ஆகவே என் வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் தாய்மாமா சிதம்பரத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து 2021-இல் ஓய்வு பெற்றார். ஊரில் யாருக்கு வருமான வரிப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். பணிக்கொடையும் மற்றதும் சேர்ந்து கணக்கில் வந்து விழுந்த மூன்றாம் நாள், அவர் 20 வருடமாகக் கணக்கு வைத்திருந்த வங்கிக் கிளையிலிருந்து போன் வந்தது. போனார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், காபி வந்தது. "சார், சேவிங்ஸ்ல சும்மா கிடக்குதே. ஃபிக்ஸட்ல போட்டுடலாம். சீனியர் சிட்டிசனுக்கு ஸ்பெஷல் ஸ்கீம், அஞ்சு வருஷம்" என்று சொல்லி 3 லட்சம் ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கினார்கள். பென்சிலால் டிக் போட்ட இடங்களில் எல்லாம் மாமா கையெழுத்துப் போட்டார். படிவத்தை நிரப்பியது அவர்கள். ஒருவாரம் கழித்து, உறுதி செய்துகொள்ள ஒரு போன் வரும், "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுங்க சார், இல்லைன்னா ரிஜெக்ட் ஆயிடும்" என்றார்கள். ஆமாம் என்றார்.

வட்டி வரவில்லை என்று முதலில் கவனித்தது அத்தைதான். மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். "வருஷக் கடைசியில சேர்த்துப் போடுவாங்க" என்று மாமா அடக்கிவிட்டார். தடிமனான ஒரு புத்தகம் தபாலில் வந்திருந்தது. அதையும் பிரிக்காமலே ஃபைலில் வைத்துவிட்டார். ஒரு வருடம் கழித்து, 2022 செப்டம்பரில், இரண்டாவது தவணை 3 லட்சம் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தபோதுதான் தெரிந்தது: அது ஃபிக்ஸட் டெபாசிட் இல்லை, ஆயுள் காப்பீட்டு பாலிசி. வருடத்துக்கு 3 லட்சம் வீதம் 10 வருடம் கட்ட வேண்டும். முதல் வருடத்தோடு நிறுத்தினால், அன்றைய விதிப்படி கையில் எதுவும் வராது.

நான் கடலூரிலிருந்து போனபோது மாமா ஊஞ்சலில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். முன்மொழிவுப் படிவத்தின் நகல் பின்னால் இணைக்கப்பட்டிருந்தது. தொழில்: வியாபாரம். ஆண்டு வருமானம்: 12 லட்சம். வாழ்நாளில் ஒரு கடையில்கூட உட்காராத மனிதரை வியாபாரி ஆக்கியிருந்தார்கள். பென்ஷன்காரர் என்று உண்மையை எழுதினால் வருடம் 3 லட்சம் எப்படிக் கட்டுவார் என்ற கேள்வி வருமே! அந்த வரியை விரலால் தொட்டுக்காட்டி மாமா சொன்ன ஒரே வார்த்தை: "இது என் கையெழுத்துக்கு மேல எழுதியிருக்கு, பாரு."

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதற்குக் காரணம் ஒன்றுதான், கமிஷன். அப்போதிருந்த விதிகளின்படி, 10 வருடம் பிரீமியம் கட்டும் பாலிசியின் முதல் வருடப் பிரீமியத்தில் 30 சதவீதம் வரை விற்றவருக்குப் போகலாம். மாமாவின் 3 லட்சத்தில் அது 90,000 ரூபாய். எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே சிதம்பரத்தில், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் தபால் நிலையத்தில், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அரசின் திட்டம். 60 வயது ஆனவர் சேரலாம். 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்றவர் என்றால், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். 2023 ஏப்ரல் முதல் உச்சவரம்பு 30 லட்சம், அந்தக் காலாண்டிலிருந்து வட்டி 8.2 சதவீதம் என்று ஆனது. 10 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். இந்தத் திட்டத்துக்கு முன்பு ஏஜென்ட்டுக்கு அரை சதவீதக் கமிஷன் இருந்தது. 2011 டிசம்பர் 1 முதல் அதையும் அரசு எடுத்துவிட்டது.

அன்றிலிருந்து இந்தத் திட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒருவரும் வீடு தேடி வருவதில்லை. நல்லது தானாக வந்து கதவைத் தட்டாது; தட்டுகிறவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. நான் பார்த்த எந்தக் குடும்பத்திலும் பணம் போன கதை, "நாங்களே தேடிப்போய்ப் போட்டோம்" என்று ஆரம்பிக்கவில்லை. "அவங்களே வந்தாங்க" என்றுதான் ஆரம்பித்தது.

வருகிறவர்கள் சரியான நாள் பார்த்து வருகிறார்கள். இந்த மாவட்டத்தில் ஓய்வுப் பணம் மொத்தமாகக் கைக்கு வரும் இடங்கள் பல. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் ஒன்று. கடலூர் சிப்காட் தொழிற்சாலைகள் ஒன்று. சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இன்னொன்று. அந்தப் பல்கலைக்கழகம் பெரும் நிதி நெருக்கடியில் சிக்கி, 2013-இல் தமிழக அரசு அதை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் ஓய்வூதியமும் நிலுவைகளும் தாமதமாவதாகச் சொல்லி அங்கே ஓய்வு பெற்றவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். காத்திருந்து காத்திருந்து வரும் பணத்துக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. அதற்குள் கைமாற்று ஏறியிருக்கும். மகள் கல்யாணம் தள்ளிப்போயிருக்கும். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் வந்துவிடும். அந்த அவசரத்தில் 8 சதவீதம் சிறிதாகத் தெரியும்.

தனியார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் நிலைமை இன்னும் இறுக்கம். 1995-இன் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் பென்ஷனைக் கணக்கிடச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அந்தச் சம்பளத்தைப் பணி வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 35 வருடம் முழுதாக உழைத்து, எல்லாமே அந்த உச்சவரம்பில் கணக்கானாலும் மாதம் 7,500 ரூபாய்தான். குறைந்தபட்சமோ 2014 செப்டம்பர் முதல் மாதம் 1,000. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்கினால் அதில் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மனிதர் வருங்கால வைப்பு நிதியில் வந்த சில லட்சத்தை மாத வட்டிக்கு விட நினைப்பதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆசை காட்டியவர்களின் பட்டியல் தமிழ்நாட்டில் நீளமானது. தொண்ணூறுகளில் தேக்குமரம் வளர்த்துத் தருவதாகச் சொன்ன அனுபவ் பிளாண்டேஷன்ஸ். அந்தக் காலத்து நிதி நிறுவன மோசடிகளுக்குப் பிறகுதான் 1997-இல் முதலீட்டாளர் நலன் காக்கும் தனிச் சட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது. அதற்கு 25 வருடம் கழித்து ஆருத்ரா கோல்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,438 கோடி ரூபாய் என்பது காவல்துறை சொன்ன கணக்கு. மாதம் 25, 30 சதவீதம் தருகிறேன் என்றார்கள். ஆருத்ரா என்ற சொல் சிதம்பரத்துக்காரர் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். மார்கழித் திருவாதிரையில் கூத்தப்பெருமான் தரிசனம் தரும் நாளின் பெயர் அது. சாமி பெயர் பலகையில் இருந்தால் உள்ளே நடப்பதும் நேர்மையாக இருக்கும் என்று நம்பும் மனது நம்முடையது. அந்த மனதை அடகு வைத்துக் காசு பார்ப்பதைவிடக் கீழான செயல் என்ன இருக்கிறது?

ஆசை காட்டாமலும் நடந்திருக்கிறது. மயிலாப்பூர் இந்து பெர்மனெண்ட் ஃபண்ட் 1872-இல் தொடங்கியது. சென்னையில் 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி, ஓய்வு பெற்றவர்களும் விதவைகளும் சேமிப்பை இழந்து நின்றபோது, அந்த ஃபண்டுக்கு 34 வயது. ஆர்பத்நாட் அடியிலிருந்துதான் மறுவருடம் இந்தியன் வங்கி பிறந்தது. ஃபண்டோ அசையாமல் நின்றது. தாத்தா போட்டார், அப்பா போட்டார், நானும் போட்டேன் என்று மூன்று தலைமுறை மூத்த குடிமக்கள் பணம் வைத்திருந்த இடம். மாதம் 30 சதவீதம் போன்ற பேச்சே அங்கே இல்லை. ஆனாலும் அங்கேயும் வட்டி நின்றது, முதிர்ந்த டெபாசிட் திரும்பவில்லை, காசோலைகள் திரும்பின. 2024 ஆகஸ்ட் 13-ஆம் தேதி அதன் நிர்வாக இயக்குநர் தேவநாதன் யாதவைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கைது செய்தது. 5,000-க்கும் மேற்பட்டோர், சுமார் 525 கோடி ரூபாய் என்று அப்போது செய்தி வந்தது. 152 வருடப் பெயர் என்பது 152 வருடக் காவல் இல்லை. வங்கி விழுந்தால் ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. 'நிதி' என்று முடியும் கம்பெனிகளுக்கு அது கிடையாது. பெயரும் பாஸ்புக்கும் கவுன்ட்டரும் வங்கி மாதிரியே இருப்பதால், இந்த வித்தியாசம் பலருக்கு வாசலில் பூட்டுத் தொங்கும் நாளில்தான் தெரிகிறது.

இவற்றையெல்லாம்விடச் சிறு நகரங்களுக்குள் ஆழமாக இறங்கியது பி.ஏ.சி.எல். நிலம் தருகிறோம் என்று சொல்லித் தவணையில் வாங்கினார்கள். சான்றிதழில் இத்தனை சதுர கஜம் என்று இருக்கும். எந்த ஊர், எந்த சர்வே எண் என்பது இருக்காது. தவணை முடிந்ததும் நிலமோ, அதன் 'மதிப்போ' வரும் என்பது பேச்சு. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி இதை விசாரிக்கவே முடியுமா என்ற வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, 2013-இல்தான் உச்ச நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றது. 2014 ஆகஸ்ட் 22-இல் செபி போட்ட உத்தரவில் இருந்த எண்ணிக்கையைப் படித்தபோது எனக்கு மூச்சு நின்றது. வாடிக்கையாளர்கள் 5.85 கோடி. தொகை 49,100 கோடி. மூன்று மாதத்தில் திருப்பித் தரச் சொன்னது செபி. வரவில்லை. 2016 பிப்ரவரி 2-இல் உச்ச நீதிமன்றம் முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையில் குழு அமைத்து, சொத்துகளை விற்றுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது.

அதற்குப் பிறகு வாடிக்கையாளர் பட்ட பாடு ஒரு தனி அத்தியாயம். 2019-இல் இணையத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். சான்றிதழை ஸ்கேன் செய்ய வேண்டும், பான் எண் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். சான்றிதழில் ஒரு பெயர், வங்கியில் ஒரு இனிஷியல் என்றிருந்தால் குறை என்று திரும்பும். கூலி வேலை செய்து தினம் பத்தும் இருபதுமாகச் சேர்த்தவருக்கு பான் கார்டு ஏது? சின்னத் தொகைகளிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாக வரம்பை ஏற்றிக் கொடுத்தார்கள்: 5,000 வரை, பிறகு 7,000, 10,000, 15,000 என்று. அசல் சான்றிதழைக் குழு கேட்கும்போதுதான் அனுப்ப வேண்டும். கேட்கும்வரை அதைக் கிழியாமல் நனையாமல் காப்பாற்ற வேண்டும். கடலூர் மாதிரி ஊரில் அது எவ்வளவு பெரிய வேலை என்பதை, தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். காகிதம் போனால் பணம் போட்டதற்கே சாட்சி இல்லை.

மாமா கதைக்குத் திரும்புகிறேன், அதில் இன்னும் பாதி இருக்கிறது. முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குக் கடிதம் எழுதினோம். "தாங்கள் விதிமுறைகளைப் படித்துக் கையெழுத்திட்டுள்ளீர்கள். பிடிக்கவில்லையென்றால் திருப்பித் தரும் கால அவகாசமும் முடிந்துவிட்டது" என்று பதில் வந்தது. அந்த அவகாசம் அப்போது 15 நாள். பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். இப்போது 30 நாள். அந்த நாட்களுக்குள் திருப்பினால் சிறு பிடித்தம் போக முழுத் தொகையும் வரும். புத்தகத்தைப் பிரித்த முதல் பக்கங்களிலேயே இது அச்சாகியிருந்தது. மாமா அதைப் பிரித்திருந்தால் கதை 15 நாளில் முடிந்திருக்கும்.

பிறகு சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு எழுதினோம். கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க அனுமதியே இல்லை. புகார் கொடுத்தவர்தான் பேச வேண்டும். நிறுவனத்துக்கு முதலில் எழுதியிருக்க வேண்டும், அவர்கள் மறுத்திருக்க வேண்டும் அல்லது ஒரு மாதம் பதில் தராமல் இருந்திருக்க வேண்டும், அதுதான் முதல் நிபந்தனை. இதைத் தனியே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் விசாரித்தவர்களில் ஒருவருக்குக்கூட இப்படி ஓர் அலுவலகம் இருப்பது தெரியவில்லை. வங்கியைப் பற்றிய புகாருக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். காப்பீட்டுக்கு 155255. டெபாசிட் வாங்கி ஏமாற்றியிருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவு.

மாமா ஒரே ஒரு காகிதத்தை ஆதாரமாக வைத்தார். ஓய்வூதிய ஆணை. அதில் இருந்த மாத பென்ஷனையும் படிவத்தில் இருந்த 12 லட்சம் வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கணக்குப் பிரிவில் 34 வருடம் எழுதிய அதே எழுத்தில், ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினார். திட்டு இல்லை, புலம்பல் இல்லை. இந்த வருமானம் எனக்கு இல்லை, இந்தத் தொழில் எனக்கு இல்லை, வருடத்துக்கு மூன்று லட்சம் கட்டுவேன் என்று நான் சொல்லியிருக்கவே முடியாது. விசாரணை நாளன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, செல்போன் முன்னால் உட்கார்ந்தார். அத்தை பக்கத்து அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். 2023 ஆகஸ்டில் உத்தரவு வந்தது. கட்டிய பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும். செப்டம்பரில் பணம் கணக்கில் ஏறியது. இரண்டு வருட வட்டி போனது போனதுதான்.

அந்த 3 லட்சத்தை மாமாவே தபால் நிலையத்துக்கு எடுத்துப்போனார். காலாண்டுக்கு 6,150 ரூபாய் வருகிறது. அங்கே யாரும் உட்கார வைத்துக் காபி கொடுக்கவில்லை. சர்வர் டவுன் என்று ஒருநாள் திருப்பி அனுப்பினார்கள், போட்டோ பழசு என்று இன்னொரு நாள். மூன்றாவது நாள் கணக்குத் திறந்து கொடுத்தார்கள். ஆனால் முதல் தேதி வட்டி விழுகிறது. நடுவில் அவசரமென்றால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் முன்கூட்டியே தெரியும்: இரண்டு வருடத்துக்குப் பிறகு என்றால் ஒரு சதவீதம், அதற்கு முன்பு என்றால் ஒன்றரை, முதல் வருடத்துக்குள் என்றால் வாங்கிய வட்டி கழியும். ஒரு நிறுவனத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள, பணம் போடும் நாளின் உபசாரம் எதற்கும் உதவாது. "எனக்கு நாளைக்கே வேணும்னா என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு எழுத்தில் பதில் தருகிறார்களா என்று பாருங்கள்.

இந்தக் கதைகளில் இன்னொரு தரப்பு உண்டு, ஏஜென்ட். ஏஜென்ட் என்றால் வில்லன் என்று நானும் நினைத்துத்தான் போனேன். முதலில் சொன்னேனே, முதுநகர் அம்மா, 'வேற' கவரை எடுக்காதவர். இரண்டாம் முறை போனபோது சொன்னார். அவர் வெறும் வாடிக்கையாளர் இல்லை. ஒரு கம்பெனிக்காகத் தெருவில் 43 பேரைச் சேர்த்துவிட்டவர். முதல் பணம் அவருடைய நகையை விற்றது. இரண்டாவது பணம் அவர் அக்காவுடையது. மற்றவர்கள் மீன் கூடை தூக்குகிறவர்கள், முந்திரி உடைக்கிறவர்கள், இட்லிக் கடை வைத்தவர். "கம்பெனி மெட்ராஸ்லயோ எங்கயோ இருக்கு. நான் இங்க இருக்கேன். அவங்களுக்குக் கம்பெனின்னா நான்தான்" என்றார். ஆபீஸைப் பூட்டிய அன்று அவர் வாசலில் கூட்டம். வீட்டுக்காரர் வெளியே போக முடியாமல் இரண்டு நாள் உள்ளேயே இருந்தார். அதன்பின் அந்த அம்மா மார்க்கெட்டுக்குப் போவது சுற்று வழியில், அக்கா வீட்டுத் தெருவைத் தவிர்த்து.

சேர்த்துவிட்டதற்குக் கமிஷன் வாங்கினீர்களா என்று கேட்டேன். வாங்கினேன் என்றார், தலையைக் குனியாமல். எவ்வளவு என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறார். அதில் இட்லிக் கடைக்காரம்மாவுக்கு மட்டும் மாதம் 200, 300 என்று திருப்பிக் கொடுத்துவருகிறார். வயதானவர், தனி ஆள் என்பதால். மற்றவர்களுக்கு முடியவில்லை.

போலீஸில் புகார் கொடுத்தீர்களா என்றேன். "என்னையே பிடிச்சு உள்ள வெச்சுட்டா?" என்றார். அந்த பயத்திலேயே 43 பேரும் சும்மா இருக்கிறார்கள். புகார் கொடுத்தால்தான் கம்பெனியின் சொத்தை முடக்க அரசு உத்தரவு போட முடியும். சொத்து முடங்கினால்தான் தனி நீதிமன்றம் வழியாக ஏலம் விட்டு, போட்டவர்களுக்குப் பங்கு பிரிக்க முடியும். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவர் பங்கு கேட்பது கடினம். வருடக்கணக்கில் ஆகும், முழுசாக வராது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் நோட்டை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

மூன்றாம் முறை நான் போகவில்லை. அவரே போன் செய்தார். சிதம்பரத்து மாமாவுக்குப் பணம் வந்த கதையை நான் சொல்லியிருந்தேன். "அவரு யாருக்கு எழுதினாரு, என்ன எழுதினாரு, திருப்பிச் சொல்லுங்க தம்பி" என்று கேட்டார். அது காப்பீடு, அந்த அலுவலகம் உங்களுக்கு ஆகாது என்றேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள், முதலில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள், பிறகு குற்றப்பிரிவுக்குப் போகலாம் என்றேன்.

"நான் மட்டும் இல்ல, அக்காவும் வருது" என்றார். பேசிக்கொண்டே ஸ்டூலை இழுக்கும் சத்தம் போனில் கேட்டது. பரணிலிருந்து கவரை இறக்குகிறாராம்.